ஒருதலை: ஒரு தலைப்பின் சரித்திரம்

சென்ற ஐப்பசியில் என் தங்கை மகன் திருவேங்கடத்துக்கு வந்திருந்தான். சென்னையில் சினிமாவில் இருக்கிறான். சினிமாவில் எந்த இடத்தில் இருக்கிறான் என்பது அவன் அம்மாவுக்கே நிச்சயமில்லை. ஒரு கதை வைத்திருப்பதாகவும், காலேஜ் பையன் காலேஜ் பெண் கதை என்றும், முக்கால்வாசி குற்றாலத்தில் எடுக்கப்போவதாகவும் சொன்னான். “எல்லாம் ரெடியா இருக்கு மாமா. பேரு மட்டும் அமைய மாட்டேங்கு. நீங்கதான் ஒண்ணு சொல்லணும்” என்றான். நாற்பது வருஷமாக நான் எழுதுகிற எதையும் அவன் படித்தது கிடையாது. தமிழ் வாத்தியார் என்றால் பெயர் வைக்கத் தெரிந்தவர் என்ற நம்பிக்கை மட்டும் எங்கள் குடும்பத்தில் இன்னும் மிச்சமிருக்கிறது. பிறக்கிற குழந்தைகளுக்கும் என்னிடம் கேட்பார்கள். கேட்டுவிட்டு வேறு பெயர் வைப்பார்கள்.

கதையைக் கேட்டேன். பையன் காதலிக்கிறான். அந்தப் பெண் பதில் சொல்வதில்லை. அருவி, மழை, பஸ், பாட்டு. “ஒருதலை ராகம் மாதிரியால?” என்றேன். “அதெல்லாம் பழசு மாமா” என்றான். பழசுதான். எவ்வளவு பழசு என்று யோசிக்கப்போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

சினிமாத் தலைப்பைப் பற்றி எழுதுவது நம் வட்டாரத்தில் கொஞ்சம் கௌரவக் குறைச்சல் என்பது எனக்குத் தெரியும். நாம் 1959-ல் ‘எழுத்து’ என்றும் 1970-ல் ‘கசடதபற’ என்றும் பெயர் வைத்தவர்கள். பிறகு ‘அஃ’ என்றும் ‘ழ’ என்றும் ஒற்றை எழுத்துக்கே வந்து சேர்ந்தவர்கள். எதையும் சொல்லாமல் இருப்பதுதான் நல்ல தலைப்பு என்பது நம் கட்சி. சுவரொட்டியை நம்பிப் பிழைக்கிறவனுக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் பழைய நாளில் புலவனும் தலைப்பில் ஒன்றும் சொன்னவனில்லை. எங்கள் பக்கத்து உதாரணமே போதும். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் வசந்தவல்லி என்கிற பெண்ணின் காதலை எழுதினார். உலா வருகிற குற்றாலநாதரை ஒருமுறை பார்த்துவிட்டு அவள் படுகிற பாடுதான் நூலின் முற்பாதி. தலைப்போ ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’. ஊர் இருக்கிறது, பிரபந்த வகை இருக்கிறது. காதலும் இல்லை, காதலித்தவளும் இல்லை. வசந்தவல்லி காதலித்தாள், குறத்தி பெயரைக் கொண்டுபோய்விட்டாள்.

உணர்ச்சியைத் தலைப்பில் வைப்பது அச்சு யந்திரத்தோடு வந்த பழக்கம் என்று தோன்றுகிறது. ராஜமய்யர் 1893-ல் ‘விவேக சிந்தாமணி’யில் தம் நாவலைத் தொடங்கியபோது ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ என்று இரண்டையும் போட்டுக்கொண்டார். அந்த ‘அல்லது’ எனக்கு மிகவும் பிடித்த வார்த்தை. கதையின் விஷயமா, கதையில் வருகிற மனுஷியா, எதை முன்னால் வைப்பது என்ற தயக்கம் அதில் ஒளிவு மறைவில்லாமல் தெரிகிறது. பின்னால் வாசகர்கள் கமலாம்பாளை வைத்துக்கொண்டு அபவாதத்தை விட்டுவிட்டார்கள். சினிமாவில் இதற்கு நேர் எதிராக நடந்தது. ‘தேவதாஸ்’, ‘அம்பிகாபதி’, ‘லைலா மஜ்னு’ என்று ஆளின் பெயரில் ஆரம்பித்த காதல் படங்கள், பத்துப் பதினைந்து வருஷத்தில் வாக்கியங்களுக்கு நகர்ந்துவிட்டன. 1964-ல் ‘காதலிக்க நேரமில்லை’ வந்தபோது அது முழு வாக்கியமாகவே ஆகிவிட்டது. அந்தத் தலைப்பின் சாமர்த்தியத்தை இன்றைக்கும் மெச்ச வேண்டும். காதலிப்பதைத் தவிர வேறு வேலையே இல்லாதவர்களின் படம் அது.

மாணவர் காதல் என்பது தனி ஜாதியாகப் பிரிந்தது 1980-ஐ ஒட்டி. அதற்கு முந்தைய வருஷம் பாலு மகேந்திராவின் ‘அழியாத கோலங்கள்’ வந்தது; அடுத்த வருஷம் பாரதி-வாசுவின் ‘பன்னீர் புஷ்பங்கள்’. முதலாவதில் கிராமத்துப் பையன்கள், இரண்டாவதில் ஊட்டிப் பள்ளிக்கூடம். இரண்டு தலைப்பும் வாசலையும் தோட்டத்தையும் பார்த்து வைத்தவை. நடுவில், 1980 மே மாதத்தில், ‘ஒரு தலை ராகம்’ வந்தது. டைரக்‌ஷன் என்று இ. எம். இப்ராகிம் பெயர் இருந்தது. கதையும் பாட்டும் டி. ராஜேந்தர். டைரக்‌ஷன் யாருடையது என்று பின்னால் வழக்கு பேசினார்கள், அது நமக்கு வேண்டாம். மாயவரத்தில் தாம் படித்த ஏ.வி.சி. கல்லூரியையே அவர் படத்தின் களமாக வைத்துக்கொண்டார். தெரிந்த முகம் ஒன்றும் கிடையாது. படம் வெள்ளி விழாவைத் தாண்டி ஓடியது.

சுவரொட்டியில் ‘ஒரு தலை’ என்று பிரித்துத்தான் போட்டிருந்தார்கள். பிரித்தால் ஒரு மண்டை. சேர்த்தால்தான் ஒரு பக்கம். இந்தப் பிழையை எங்கள் ஊர் டூரிங் கொட்டகை வாசலில் நின்று நான் சிநேகிதர்களுக்கு விளக்கியது ஞாபகமிருக்கிறது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. தமிழ் இலக்கியம் இரண்டாம் வருஷம். படம் எங்கள் பக்கம் வர மாதங்கள் ஆயின. மாட்டு வண்டியில் தட்டி கட்டி, நோட்டீஸ் வீசிக்கொண்டு போவார்கள். ஒலிபெருக்கியில் படத்தின் பெயரைத்தான் நூறு தரம் சொல்வார்கள். கதை தெரிவதற்கு முன்னால் பெயர் ஊரில் பழகிவிடும். இதை இங்கு சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

‘ராகம்’ புதிய வார்த்தை அல்ல. 1975-லேயே பாலசந்தர் ‘அபூர்வ ராகங்கள்’ எடுத்துவிட்டார். வடமொழியில் ராகம் என்றால் பாட்டுக்கு முன்னால் நிறம், பற்று, ஆசை. அனுராகம் என்று நாம் சொல்வதும் அதுதான். எனவே ‘ஒருதலை ராகம்’ என்றால் ஒருபக்க ஆசை என்று நேர்ப்பொருளே வந்துவிடுகிறது, சங்கீதத்தைக் கூப்பிட வேண்டியதே இல்லை. ஆனால் இதற்குத் தமிழில் ஒரே வார்த்தை இருக்கிறது, அதுவும் இரண்டாயிரம் வருஷத்து வார்த்தை. கைக்கிளை. தொல்காப்பியர் ஏழு திணைகளில் முதலாவதாக வைப்பது கைக்கிளையை. ‘கை’ என்றால் பக்கம், சிறுமை. ‘கிளை’ என்றால் உறவு. அதே கைக்கிளை தமிழிசையில் ஏழு சுரங்களில் ஒன்று: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். மூன்றாவதாக வருவது, பெரும்பாலோர் காந்தாரத்துக்குச் சமம் என்பார்கள். ஒருதலைக் காமமும் ஒரு சுரமும் ஒரே பெயரில் இருக்கின்றன. ராஜேந்தர் இதை யோசித்து வைத்தார் என்று நான் சொல்லவில்லை. யோசிக்காமலே வந்து விழுந்திருந்தால் இன்னும் விசேஷம். மொழி தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்கிறது போலிருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த நாளில் நான் எப்பேர்ப்பட்ட சந்தோஷத்தில் இருந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தொல்காப்பியச் சூத்திரத்தை ஒழுங்காகப் படித்தால் அந்தச் சந்தோஷம் நிலைக்காது. அவர் சொல்வது என்ன? காமத்துக்குப் பக்குவப்படாத இளம்பெண் ஒருத்தியிடம் ஒருவன் போகிறான். தீர்வில்லாத துன்பப்படுகிறான். தன் நன்மையையும் அவள் செய்யும் தீமையையும் சேர்த்துப் பேசுகிறான். அவளிடமிருந்து எதிர்ச்சொல் கிடைப்பதில்லை. கிடைக்காமலே, பேசிக்கொண்டிருப்பதிலேயே இன்பம் காண்கிறான். இதுதான் கைக்கிளைக் குறிப்பு. கடைசி விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அவன் கஷ்டப்படுகிறான் என்பதோடு சூத்திரம் நிற்கவில்லை. அதில் இன்பம் இருக்கிறது என்று தொல்காப்பியர் கண்டு சொல்லிவிட்டார். அந்த இன்பத்துக்கு அவள் பதில் தேவையே இல்லை. பதில் வந்தால் கெட்டுக்கூடப் போகும். இதனால்தானோ என்னவோ கைக்கிளையையும் பெருந்திணையையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். குறிஞ்சிக்கு மலை உண்டு, நெய்தலுக்குக் கடல் உண்டு, கைக்கிளைக்கு ஒரு குழி நிலம் கிடையாது. தமிழ் சினிமாதான் அதற்கு நிலம் கொடுத்தது: காலேஜ் வராந்தா, பஸ் நிறுத்தம், ரயில்.

பெண்ணின் பக்கத்துக் கைக்கிளை நம்மிடம் இல்லாமல் இல்லை. புறப்பொருள் வெண்பாமாலை ஆண்பாற் கூற்று, பெண்பாற் கூற்று என்று இரண்டாகவே பிரித்துக்கொள்கிறது. புறநானூற்றில் 83 முதல் 85 வரை மூன்று பாட்டுகள், நக்கண்ணையார் சோழன் பெருநற்கிள்ளியைப் பார்த்துப் பாடியவை. மூன்றும் சேர்ந்து வெறும் இருபது வரிகள்தான். அவற்றில் வீடு இருக்கிறது, அம்மா இருக்கிறாள், ஊர் இருக்கிறது. வெளியே சொல்ல முடியாத காரியம் எப்படி உடம்பில் தங்குகிறது என்பது இருக்கிறது. ஆண்பால் கைக்கிளையில் இவை ஒன்றும் கிடையாது. அவன் இருக்கிறான், அவன் பேச்சு இருக்கிறது.

இனி படத்துக்கு வருவோம். அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒருதலைக் கதையே இல்லை. அந்தப் பெண்ணும் அவனை விரும்புகிறாள். வீட்டு நிலைமை, ஊர் வாய், தாயார் பட்ட பாடு, இவற்றால் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் சொல்ல வரும்போது அவன் உயிரோடு இல்லை. இரண்டு தலையும் இருக்கிற கதைக்கு ‘ஒருதலை’ என்று பெயர் வைத்தது யார் பார்வையில்? அவன் பார்வையில். அவனுக்குத் தெரிந்த அளவுதான் தலைப்புக்கும் தெரியும். இன்னொரு விஷயம்: படத்தின் பாட்டுகள் அத்தனையும் ஆண் குரல். பாலசுப்பிரமணியம், சௌந்தரராஜன், ஜெயச்சந்திரன், மலேசியா வாசுதேவன். கதாநாயகிக்கு ஒரு வரி கிடையாது. ராகம் முழுக்க ஒரு தலையில் இருந்தது, மௌனம் முழுக்க இன்னொரு தலையில். தலைப்பு பொய் சொன்னது என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, பாட்டுப் புத்தகத்தைப் பொறுத்தவரை அது அட்சர சுத்தமான உண்மை.

நான் படித்த கல்லூரியின் பெயர் இங்கே அவசியமில்லை. எங்கள் பஸ்ஸில் ஒரு பெண் வருவாள். அவளுக்கு நான் ஏழெட்டுக் கடிதம் எழுதினேன். நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்தேன், ஜன்னல் வழியாகப் போட்டேன், ஒருமுறை கையிலேயே கொடுத்தேன். பதில் இல்லை. படம் வருவதற்கு முன்னால் நான் செய்துகொண்டிருந்த காரியத்துக்குப் பெயர் இல்லாமல் இருந்தது. பெயரில்லாததால் கொஞ்சம் வெட்கமும் இருந்தது. படம் வந்ததும் பெயர் கிடைத்துவிட்டது. சிநேகிதர்கள் என்னை அந்தப் பெயரிலேயே கூப்பிட ஆரம்பித்தார்கள். பஸ் சீட்டின் முதுகில் எழுதினார்கள். வகுப்புப் பலகையில் எழுதினார்கள். அவள் ஏறும்போது பின்சீட்டிலிருந்து மேளம் தட்டினார்கள். வெட்கம் போய்விட்டது. பெயர் வைத்தால் வெட்கம் போய்விடும் என்பதை நான் அப்படித்தான் கற்றேன். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அவள் வரவில்லை. வீட்டில் நிறுத்திவிட்டார்கள் என்று பல வருஷம் கழித்துத் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அது காதல் தோல்வியாகத்தான் தெரிந்தது. தாடி விட்டேன். ஒரு கவிதை எழுதினேன். இதைப் போல ஒரு பத்திரிகையில் அது வந்தது. ‘மௌனம்’ என்று தலைப்பு. இறுக்கமாக இருக்கிறது, தேவையற்ற சொல் ஒன்றுகூட இல்லை என்று ஒருவர் கடிதம் எழுதினார். யாருடைய மௌனம் என்று எழுதியவரும் கேட்கவில்லை, எழுதிய நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ராஜேந்தரைக் கேலி செய்த நாமெல்லாம் அந்த விஷயத்தில் அவருக்கு ஒரு படி கீழேதான் நின்றோம். அவராவது அவளைக் கடைசி காட்சியில் ரயிலேற்றிச் சொல்ல அனுப்பிவைத்தார்.

ராஜேந்தரின் பிற்காலத் தலைப்புகளில் பெண் பெயர் வந்ததையும் சொல்ல வேண்டும். ‘உயிருள்ளவரை உஷா’ 1983, ‘மைதிலி என்னை காதலி’ 1986. ஒன்பது எழுத்துக் கணக்கு அவருக்கு முக்கியம் என்பார்கள். ‘என்னை’க்குப் பின்னால் வரவேண்டிய ‘க்’கைப் போட்டால் பத்தாகிவிடும், ஒற்று பலியானது எதற்கு என்று யூகித்துக்கொள்ளலாம். பெயர் வந்ததே தவிர, உஷா அவன் உயிரின் அளவுகோல், மைதிலி அவன் கட்டளைக்கு எழுவாய்.

அதே 1986-ல் வந்த ‘மௌன ராகம்’ தொடக்கத்தில் ‘திவ்யா’ என்ற பெயரில் இருந்த படம். கல்லூரிக் காதலும், காதலன் சாவும், பிறகு வேண்டாத கல்யாணமுமாக அது அவள் கதை. ஆனாலும் அவள் பெயர் போய், மௌனமும் ராகமும் வந்தன. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அகத்திணையில் யாருடைய இயற்பெயரையும் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் சுட்டினால் அது புறமாகிவிடும். நக்கண்ணையார் பாட்டுகள் புறநானூற்றில் இருப்பதற்கும் அதுதான் காரணம் என்பார்கள். அப்படிப் பார்த்தால் மணிரத்னம் மரபை மதித்தார். தலைவி என்றால் எந்தத் தலைவியும் ஆகலாம். ஆனால் ஆண் பெயர் உள்ள தலைப்புகளை யாரும் இப்படி மரபைச் சொல்லி அழித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. தேவதாஸ் தேவதாஸாகவே இருக்கிறான்.

1991-ல் கதிரின் ‘இதயம்’ வந்தது. சொல்லத் தெரியாத மருத்துவ மாணவன். கடைசியில் நோயும் இதயத்தில்தான். தலைப்பு உருவகமாகவும் உறுப்பாகவும் வேலை செய்கிறது. படத்தை விடத் தலைப்புக்குச் சாமர்த்தியம் அதிகம். அதன் பிறகு வந்தது காதல் வெள்ளம். காதல் கோட்டை, காதல் தேசம், காதலுக்கு மரியாதை, காதல் மன்னன், காதல் கவிதை, காதலர் தினம். 1996 முதல் 1999க்குள் மட்டும் இவ்வளவு. கோட்டை, தேசம், மன்னன் என்று பார்த்தால் ஏதோ படையெடுப்பு மாதிரி இருக்கிறது. சொல் தேய்ந்து தேய்ந்து, 2004-ல் பாலாஜி சக்திவேல் ‘காதல்’ என்று ஒற்றைச் சொல்லை மட்டும் வைத்தபோதுதான் மறுபடி கொஞ்சம் உயிர் வந்தது. அவரே 2007-ல் ‘கல்லூரி’ என்று வைத்தார். உணர்ச்சியை விட்டுவிட்டு இடத்தைப் பிடித்துக்கொண்ட தலைப்பு. கவிராயர் வழி.

அந்தக் காலத்தில்தான் தலைப்புத் தமிழா இல்லையா என்ற சண்டை நடந்தது. எஸ். ஜே. சூர்யாவின் ‘பி.எஃப்.’ 2005-ல் ‘அன்பே ஆருயிரே’ ஆயிற்று. கமல்ஹாசன் ‘மும்பை எக்ஸ்பிர’ஸை மாற்ற மறுத்தார். 2006-ல் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்று அரசு சொன்னதும் சண்டை தீர்ந்து கணக்கு ஆரம்பித்தது. ‘ஜில்லுனு ஒரு காதல்’ ‘சில்லுனு ஒரு காதல்’ ஆனது. சாரலில் நனைந்துகொண்டு நிற்கிற குற்றாலத்துக்காரனைக் கேட்டால் ‘சிலுசிலுன்னு இருக்கு’ என்பான். வரிச் சலுகைக்காக அல்ல. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து அந்தக் கேளிக்கை வரி ஏற்பாடும் போயிற்று. தலைப்பில் யாருக்கும் உரிமை கிடையாது, அதற்குப் பதிப்புரிமை இல்லை என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட் ‘தேசி பாய்ஸ்’ என்ற இந்திப் படத்து வழக்கில் சொல்லிவிட்டது. இருந்தாலும் தயாரிப்பாளர் சங்கங்களில் பதிவு பண்ணி வைக்கிற வழக்கம் இருக்கிறது. எழுத்தில் இருந்ததா, மொழியில் இருந்ததா, வரியில் இருந்ததா என்றெல்லாம் இவ்வளவு சண்டை போட்டோம். யார் பக்கத்திலிருந்து வைத்த பெயர் என்று ஒரு தரம்கூட யாரும் சண்டை போட்டதாக நினைவில்லை.

சட்டத்துக்குக்கூட இந்தச் சங்கடம் வந்திருக்கிறது. 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி துரத்தலில் உயிரிழந்தபின் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. அதன் பெயரில் ‘ஈவ் டீசிங்’ என்ற சொல்லே இருந்தது. ஏவாளைச் சீண்டுதல், ஏதோ விளையாட்டு மாதிரி. 2002-ல் அதைத் திருத்திப் பெண்களுக்குத் தொல்லை கொடுத்தல் என்று மாற்றினார்கள். நாலு வருஷத்தில் ஒரு சட்டம் தன் தலைப்பைத் திருத்திக்கொண்டது. என் கவிதையின் தலைப்பை நான் இன்னும் திருத்தவில்லை.

சமீபத்தில் நான் ஒப்புக்கொள்கிற ஒரே தலைப்பு 2018-ல் வந்த ‘96’. தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்தின் வருஷம் அது. இலக்கம் என்பதால் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்த எண்ணுக்குள் இரண்டு பேரும் இருக்கிறார்கள், மற்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள். யாரும் யாருக்கும் எழுவாயாகவில்லை.

இதையெல்லாம் தங்கை மகனிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. ‘கைக்கிளை’ என்றேன். போனில் தட்டிப் பார்த்தான். “கிளையா கிளியா மாமா?” என்றான். பிறகு பெயர் தானே வரும், முதலில் அவள் வீட்டுக்குள் ஒரு பத்து நிமிஷம் எழுது, கடிதம் வந்த அன்றைக்கு அவள் அப்பா என்ன செய்தார் என்று எழுது என்றேன். “கேமரா அங்க போகாது மாமா. படம் ஃபுல்லா அவன் பார்வைதான்” என்றான். சாப்பிட்டுவிட்டுச் சங்கரன்கோவில் பஸ்ஸைப் பிடித்துப் போனான்.

தையில் போன் செய்தான். பெயர் முடிவாகிவிட்டதாம், பதிவும் பண்ணியாயிற்றாம், பூஜையன்று போஸ்டரில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். சந்தோஷம் என்றேன். கதையில் அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். அது இன்னும் வைக்கவில்லை என்றான்.